ஃபிலிம் எடுத்த பிறகு பழைய பேப்பரை எடைக்குப் போடலாமா?

கொங்கு நாட்டில் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிற இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கல்லூரி நூலகத்தின் பின்னறை, ஊர்ப் படிப்பகம், தொழிற்சங்க அலுவலகத்து மாடி, தாத்தா காலத்திலிருந்து சந்தா கட்டிப் படித்த வீடுகளின் அட்டாலி என்று எங்கெங்கோ கிடக்கின்றன. இப்போது இந்த இடங்களில் எல்லாம் ஒரே பேச்சுதான். இடம் வேண்டும், கரையான் வருகிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, சென்னையில் மைக்ரோஃபிலிம் இருக்கிறதாமே, அப்புறம் இது எதற்கு? மைக்ரோஃபிலிம் என்றால் பேப்பரின் பக்கங்களைப் பொடியாகச் சுருக்கிப் படமெடுத்து வைத்திருக்கிற ஃபிலிம் சுருள்.

போன வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் இதே கேள்வியை அங்கிருந்த உதவியாளர் நேராகவே கேட்டார். "ஏனுங் சார், இதெல்லாம் மெட்ராசுல ஃபிலிம்ல இருக்குதுங்களே, அப்புறம் எதுக்குங்க இதக் கட்டீட்டு அழுவோணும்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. வருடா வருடம் தூசு தட்டுவது அவர்தான், ஆராய்ச்சி என்று வந்து இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டுப் போகிற என் போன்றவர்கள் இல்லை. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினசரிப் புழக்கத்துக்கு ஃபிலிம் போதும், பல நேரம் ஃபிலிம்தான் நல்லது. ஆனால் ஃபிலிம் இருக்கிறது என்பதை வைத்துக் காகிதத்தைக் கழிக்கக் கூடாது, அதுவும் கோவைப் பதிப்பு, ஈரோட்டு வார இதழ், திருப்பூர்ச் சங்கப் பத்திரிகை போன்றவற்றைக் கண்டிப்பாகக் கழிக்கக் கூடாது.

காகிதத்தின் பக்கம் இருக்கிற குறையை மறைக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் அன்றைக்குப் படித்து அன்றைக்கே தூக்கிப் போடுவதற்காகச் செய்த காகிதம். 1840களில் ஜெர்மனியில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது, அடுத்த சில பத்தாண்டுகளில் உலகம் முழுக்கப் பத்திரிகைக் காகிதம் அந்தக் கூழுக்கு மாறியது. அரைத்த மரக்கூழில், மர இழைகளை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கிற லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது, அது வெளிச்சத்திலும் காற்றிலும் பட்டு மஞ்சளாகி, பழுப்பாகி, அமிலத்தையும் உண்டாக்குகிறது. மை பரவாமல் இருக்கக் காகிதத்தில் சேர்க்கிற படிகாரமும் குங்கிலியமும் வேறு தம் பங்குக்கு அமிலம் சேர்க்கும். அந்த அமிலம் காகித இழையைத் துண்டு துண்டாக அறுக்கிறது, வெப்பம் கூடக் கூட வேகமாக அறுக்கிறது. அதற்கு முன்னால் கந்தல் துணியில் செய்த காகிதத்தில் அச்சான புத்தகங்கள் இருநூறு வருடத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே இருப்பதற்கும் நாற்பது வருடத்துப் பேப்பர் தொட்டால் உதிர்வதற்கும் காரணம் இதுதான். நம் பக்கத்துக்கு இதில் ஒரு பங்கும் உண்டு. கரூருக்குப் பக்கத்தில் புகளூரில் 1980களின் நடுவிலிருந்து தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையில் பத்திரிகைக் காகிதம் செய்தது. அந்தக் காலத்துப் பேப்பர் கட்டு ஒன்று உங்கள் வீட்டு அட்டாலியில் இருந்தால் நம் காவிரிக்கரைக் கரும்பும் அதில் இருக்கக்கூடும். சக்கைக் கூழிலும் லிக்னின் உண்டு, அதனால் பழுப்பேறுவதில் பெரிய வேறுபாடு இல்லை.

சரி, இவ்வளவு சொன்ன பிறகு காகிதம் நிற்காது என்று தோன்றும். ஆனால் பைண்டு செய்த ஒரு தொகுதியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் பார்த்த ஒரு தொகுதியில் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கருத்த பழுப்பு, அந்த இடம் நகத்தால் தொட்டாலே பொடியாகிறது. உள்ளே போகப் போக நிறம் வெளிறி, நடுப்பத்தியில் காகிதம் இளமஞ்சளாக, வளையக்கூடியதாக, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. மூடியே கிடந்ததால் வெளிச்சமும் காற்றும் ஓரத்தோடு நின்றுவிட்டன. இரண்டு கையாலும் தாங்கி மெதுவாகத் திருப்பினால் பக்கம் திரும்புகிறது. வெளிநாட்டு நூலகங்கள் ஒரு காலத்தில் பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பார்த்து, இத்தனை தடவையில் உடைந்தால் இந்தக் காகிதம் செத்தது என்று கணக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தை யாரும் மூலையை மடித்து மடித்துப் படிப்பதில்லை, திருப்பித்தான் படிக்கிறார்கள். அந்தச் சோதனையில் தோற்ற தொகுதிகள் பல இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இதற்கு நல்ல சான்று இங்கிலாந்திலிருந்தே கிடைக்கிறது. ஃபிலிம் இருக்கிறது என்று சொல்லி பிரிட்டிஷ் நூலகம் 1999இல் தன்னிடம் இருந்த அமெரிக்கச் செய்தித்தாள் தொகுதிகளை விற்பனைக்கு வைத்தது. ஒரு அமெரிக்க எழுத்தாளர் தன் சேமிப்பைப் போட்டு அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை வாங்கிக் காப்பாற்றினார். 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பொடிப் பொடியாகப் போகும் என்று சொல்லப்பட்ட அந்தப் பேப்பர்களில் பழைய வண்ண இணைப்புகள் நிறம் மங்காமல் இருந்தன. ஃபிலிமில் அதே பக்கங்கள் கறுப்புத் திட்டு. அதே பிரிட்டிஷ் நூலகம் பிற்பாடு தன் நாட்டுச் செய்தித்தாள்களுக்கென்று பாஸ்டன் ஸ்பா என்ற ஊரில் தனிக் கட்டடமே கட்டி 2015இல் திறந்தது. நெருப்புப் பிடிக்காதபடி உள்ளே ஆக்சிஜனைக் குறைத்து, குளிர்ச்சியும் ஈரப்பதமும் மாறாமல் வைத்திருக்கிறார்கள். ஃபிலிமும் டிஜிட்டலும் கையில் இருந்த பிறகும் காகிதத்துக்காக இவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள் என்றால் அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

இனி ஃபிலிமின் பக்கம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் தமிழ் ஆராய்ச்சியில் பாதி, ஃபிலிம் இல்லாவிட்டால் நடந்தே இருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த பெருந்திரட்டை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கி, அங்கிருந்தபடியே ஃபிலிம் எடுத்தது. அந்த வேலை நடக்காமல் போயிருந்தால் எத்தனையோ இதழ்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது. 1967இல் தொடங்கிய தெற்காசிய மைக்ரோஃபிலிம் திட்டமும், டெல்லியில் இருந்துகொண்டு நம் செய்தித்தாள்களை ஃபிலிம் எடுத்த அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கிளையும் செய்தது சின்ன வேலை இல்லை.

ஒரே ஒரு பிரதி ஒரே ஓர் இடத்தில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைத் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் ஓர் இரவில் போயின. லண்டனில் கோலிண்டேல் செய்தித்தாள் நூலகத்தின் மீது 1940இல் குண்டு விழுந்து ஆயிரக்கணக்கான தொகுதிகள் அழிந்தன, அவற்றில் பல உள்ளூர்ப் பத்திரிகைகள், வேறெங்கும் பிரதி இல்லாதவை. காகிதத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி. கரையான் செய்கிற வேலையும் இதேதான், என்ன, கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

ஃபிலிம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் பிடிபடும். 35 மில்லிமீட்டர் சுருள், நூறடி நீளம், ஒரு சுருளில் செய்தித்தாளின் அறுநூறு எழுநூறு பக்கம் அடங்கும். கேமராவில் எடுத்த முதல் சுருள் தாய் நெகட்டிவ், அதை யாரும் தொடக் கூடாது, பாதுகாப்பு அறையில் இருக்க வேண்டும். அதிலிருந்து அச்சுப் பிரதி ஒன்று, அதிலிருந்து படிப்பவர்களுக்கான பிரதி. பாலியெஸ்டர் அடித்தளத்தில் வெள்ளி உப்புப் பூசிய ஃபிலிமை 21 டிகிரிக்கு மிகாமலும் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்துக்கு மிகாமலும் வைத்தால் ஐநூறு வருடம் நிற்கும் என்று தர நிர்ணயக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நிபந்தனையைப் படியுங்கள். மே மாதத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ ஏசி இல்லாத அறைக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு, நம் ஊர் நூலக அலமாரியில் இருக்கிற ஃபிலிமுக்கு எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பழைய ஃபிலிம் எல்லாமே பாலியெஸ்டரும் இல்லை. எண்பதுகள் வரைக்கும் எடுத்ததில் கணிசமான பங்கு அசிட்டேட் ஃபிலிம். அது வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து காடி (வினிகர்) நெடி விடும், சுருங்கி நெளிந்து, மேலே இருக்கிற படலம் உரிந்து வரும். டப்பாவைத் திறந்தவுடன் புளித்த காடி நெடி அடித்தால் அந்தச் சுருளைத் தனியாக எடுத்து வையுங்கள், ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் வேகமாகக் கெடும். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பாலியெஸ்டர் ஒளியை உள்ளே விட்டுக் கண்ணாடி மாதிரித் தெரியும், அசிட்டேட் இருட்டாக இருக்கும். வெள்ளி ஃபிலிமிலும் மலிவு அட்டைப் பெட்டியில் இருந்து வரும் வாயு, புதுப் பெயிண்டின் ஆவி ஆகியவை பட்டால் செம்புள்ளி விழும். பக்கத்து அலமாரியில் அழுகுகிற பழைய காகிதமும் அதையே செய்யும், அதனால் இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது, ஃபிலிமில் ஏறாமலே போனவை. ஈரோட்டு மஞ்சள் விலையைப் பற்றிக் கொஞ்ச நாள் பழைய பேப்பர்களில் தேடிக்கொண்டிருந்தேன். மண்டி நிலவரம் என்று பேப்பரின் உட்பக்கத்தில் விரலி இவ்வளவு, கிழங்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் ஒரு கட்டம் வருமே, அதுதான். ஃபிலிம் ரீடரில் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினால் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியவில்லை. 8இன் இடது பக்கம் மசங்கி 3 போல இருக்கிறது, 3இன் இடுப்பு மை அப்பி 8 போல இருக்கிறது. ஒரு வாரத்து விலை முந்தைய வாரத்தோடு ஒட்டவே இல்லை. அதே தேதிப் பேப்பர் பெருந்துறைப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்தது. ஜன்னல் ஓரத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் எண் தெளிவாக இருந்தது, ஏனென்றால் காகிதத்தில் அச்செழுத்து அழுந்திய பள்ளம் இருக்கிறது, மை போனாலும் பள்ளம் போகாது. ஃபிலிமுக்குப் பள்ளம் தெரியாது.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மெய்யெழுத்து நிற்பதே ஒரு புள்ளியில். பக்கத்தைப் பதினைந்து மடங்கு சுருக்கி ஃபிலிமில் ஏற்றி, கறுப்பு வெள்ளையை அழுத்தி அச்சிடும்போது புள்ளி காணாமல் போகிறது, அதற்குப் பதிலாகக் காகிதத்தில் இருந்த கறையோ பூச்சி போட்ட துளையோ புள்ளியாகி உட்கார்ந்துகொள்கிறது. படிக்கிற மனிதன் சமாளித்துவிடுவான். அந்த ஃபிலிமையே ஸ்கேன் செய்து கணினியை எழுத்துணரச் சொன்னால் அது என்ன செய்யும்? குடி அரசு போன்ற இதழில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் பெரியார் 1935இலேயே சீர்திருத்த எழுத்தைப் புழங்கத் தொடங்கிவிட்டார், அரசு அதை ஏற்று ஆணை போட்டது 1978இல். இடையில் இருக்கிற நாற்பது வருடத்துப் பேப்பர்களில் எந்த இதழ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் கணினிக்கே சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு மூலத்திலிருந்து எடுத்த சுத்தமான படம் வேண்டும், ஃபிலிமிலிருந்து எடுத்த மூன்றாம் தலைமுறைப் படம் போதாது.

பைண்டு வால்யூமை விரித்து ஃபிலிம் எடுத்தால் நடுத் தையல் பக்கம் நிழல் விழும், உட்பத்தியின் கடைசி இரண்டு மூன்று எழுத்து அந்த நிழலுக்குள் போய்விடும். இதைத் தவிர்ப்பதற்காகச் சில இடங்களில் தொகுதியின் முதுகையே அறுத்துத் தனித்தனித் தாளாக்கி எடுத்தார்கள். எடுத்த பிறகு அந்தத் தாள்களைத் திரும்பக் கட்ட யாருக்கும் தெம்பில்லை, எடைக்குப் போய்விட்டன. ஃபிலிம் எடுத்த தொகுதியில் ஒரு மாதம் இல்லை என்றால் அந்த ஃபிலிமின் எல்லாப் பிரதியிலும், சென்னையிலிருந்து சிகாகோ வரைக்கும், அந்த மாதம் இருக்காது. அந்த மாதம் உங்கள் ஊர்ப் படிப்பகத்துக் கட்டில் இருக்கலாம். ஃபிலிம் இருக்கிறது என்று அதை நீங்கள் கழித்துவிட்டால் உலகத்திலேயே அது இல்லாமல் போகும்.

இப்போது கொங்கு நாட்டுக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பத்திரிகைக்கு நாலைந்து ஊர்ப் பதிப்பு இருந்தாலும் ஃபிலிம் எடுக்கிறவர்கள் பொதுவாக ஒரு பதிப்பைத்தான் எடுப்பார்கள், அது பெரும்பாலும் தலைநகரப் பதிப்பு. பெயர் ஒன்றுதான், தேதி ஒன்றுதான், முதல் பக்கமும் பாதி ஒன்றுதான். உள்ளே திருப்பினால் வேறு ஊர். 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணத்துக்கு எதிராகக் கோவைக்குள் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அதைச் சென்னைக்கு அச்சான பக்கத்தில் தேடுவதும் கோவைக்கு அச்சான பக்கத்தில் தேடுவதும் ஒன்றாகாது. எந்த ஊரிலிருந்து வண்டி வந்தது, எந்தத் தெருவில் நின்றது, யார் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் உள்ளூர்ப் பக்கத்துச் செய்தி. சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நால்வரை 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கில் போட்டது தேசம் முழுக்கச் செய்தி. அதற்கு முன்னும் பின்னும் மில் வாசலில் நடந்த கூட்டங்கள் அப்படி இல்லை, அவற்றை எழுதியவை சங்க இதழ்களும் உள்ளூர்த் தாள்களும்தான்.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். கோவையின் பொது வாழ்வில் பெரிய பேர் சே. ப. நரசிம்மலு நாயுடு, கோயமுத்தூர் கலாநிதி என்று பத்திரிகை நடத்தியவர், சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே சொன்னவர்களில் ஒருவர். அந்தக் காலத்து உள்ளூர் இதழ்களைப் பற்றி ஆராய்கிறவர்கள் பல நேரம் கையில் எடுப்பது மூல இதழை இல்லை. வெள்ளைக்கார அரசு உள்ளூர் மொழிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுத வைத்ததே, அந்த அறிக்கைகளைத்தான். தனக்கு ஆபத்தாகத் தெரிந்ததை மட்டும் அரசாங்கம் பொறுக்கி எழுதிய சுருக்கத்தை வைத்து நம் ஊர்க் கதையை எழுத வேண்டியிருக்கிறது. மூலம் கழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

குடி அரசைப் பாருங்கள். 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் தொடங்கியது, நூறு வருடம் ஆகிவிட்டது. அதன் கட்டுரைகள் நூல் தொகுதிகளாக வந்துவிட்டன, படமாகவும் இணையத்தில் கிடைக்கின்றன, அந்த வகையில் நமக்கு நல்வாய்ப்புதான். ஆனால் தொகுதியில் தலையங்கம் மட்டும் தலையங்கமாக நிற்கும். மூலத்தில் அதே பக்கத்தில் எந்த ஊர்ச் சுயமரியாதைத் திருமணச் செய்தி இருந்தது, எந்தக் கடை விளம்பரம் கொடுத்தது, எது பெரிய எழுத்தில், எது மூலையில் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது பத்திரிகை. அப்படிப் பார்க்கிறவருக்கு ஃபிலிமாவது வேண்டும், காகிதம் இருந்தால் இன்னும் நல்லது.

சட்டப்படி எல்லாம் சென்னைக்குப் போயிருக்குமே என்று சிலர் சொல்வார்கள். புத்தகங்களைப் பொது நூலகங்களுக்கு அனுப்பும் சட்டம் 1954இல் வந்தது, 1956இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்தார்கள், கன்னிமாரா நூலகம் அதன்படி பிரதி பெறுகிற நாலு நூலகங்களில் ஒன்று. பெரிய பத்திரிகைகளுக்கு இது சரி. தாராபுரத்தில் ட்ரெடில் மெஷினில் அடித்து இரண்டு வருடம் நடத்தி நிறுத்திய வார இதழ் முறையாக நாலு ஊருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்துக் கட்டை எடைக்குப் போடுவது நியாயமில்லை.

அப்படியானால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இடமும் பணமும் எல்லோருக்கும் அளவுதான், எல்லாவற்றையும் வையுங்கள் என்று சொல்வது சுலபம். என் கணக்கு இது. சென்னைப் பதிப்பாக அச்சான பெரிய நாளிதழ்கள், அதிலும் ஆங்கிலப் பேப்பர்கள், ஃபிலிமாகவோ டிஜிட்டலாகவோ முழுமையாக இருப்பது உறுதியானால் அவற்றை நீங்கள் விடலாம். உறுதியானால் என்பதை அழுத்திச் சொல்கிறேன், யாரோ சொன்னார்கள் என்பது போதாது, இருக்கிற நூலகத்துக்கு எழுதித் தேதி வாரியாகக் கேட்க வேண்டும். கோவைப் பதிப்பு, சேலம் பதிப்பு, ஈரோட்டுப் பதிப்பு என்று பெயரின் கீழே போட்டிருந்தால் கழிக்காதீர்கள். கட்சி இதழ், மில் இதழ், சங்க இதழ், சாதிச் சங்க மலர், கூட்டுறவுச் சங்க மாத இதழ், கோயில் திருப்பணிச் சிறப்பிதழ் எல்லாமே, ஒற்றை இதழாக இருந்தாலும், காகிதத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியவை. ஏற்கெனவே திருப்ப முடியாத அளவுக்கு நொறுங்கிய தொகுதிக்கு மட்டும் முறை தலைகீழ். அதை அடுத்து ஒருவர் புரட்டினால் அதுதான் கடைசிப் புரட்டலாக இருக்கும், அந்தப் புரட்டல் கேமராவின் முன்னால் நடக்கட்டும். அதன் பிறகு கட்டி மூடி வையுங்கள், படிக்கிறவர்களுக்குப் படத்தைக் கொடுங்கள்.

இன்றைக்குப் புதிதாக நகல் எடுக்கப் போகிறவர்கள் ஃபிலிம் எடுப்பதா ஸ்கேன் எடுப்பதா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் புதிதாக ஃபிலிம் எடுக்கிற கேமராவும் கழுவுகிற ஆளும் கிடைப்பது கஷ்டம், ரீடருக்கு பல்பு தேடுவதே பெரிய பாடு. அதனால் மூலத்திலிருந்து நேராக ஸ்கேன் எடுப்பதுதான் நடைமுறை, ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி, கறுப்பு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில், வண்ண இணைப்பு என்றால் வண்ணத்தில். ஆனால் ஃபிலிமுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை டிஜிட்டல் இன்னும் எட்டவில்லை. ஃபிலிம் சுருளைப் படிக்க வெளிச்சமும் ஒரு லென்ஸும் போதும். ஹார்ட் டிஸ்க்கை யாராவது சில வருடத்துக்கு ஒரு முறை புதிதுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மாற்றுகிற ஆள் ஓய்வு பெற்றால் அதோடு சரி. அதனால் ஏற்கெனவே ஃபிலிம் வைத்திருப்பவர்கள் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது என்று ஃபிலிமையும் கழிக்க வேண்டாம், காடி வாசம் வராதவரை அது உங்களுக்கு ஒரு காவல்.

காகிதத்தை வைத்துக்கொள்ளப் பெரிய செலவில்லை. சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து அரையடியாவது உயர்த்தி, இரும்பு ராக்கில் படுக்கை வாட்டத்தில் வையுங்கள். பெரிய தொகுதியை நிறுத்தி வைத்தால் தன் பாரத்திலேயே தையலைப் பிய்த்துக்கொள்ளும். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். நம் பக்கத்துக் காடாத் துணி அருமையான உறை, ஆனால் கஞ்சி போகத் துவைத்த பிறகு சுற்றுங்கள், கஞ்சி இருந்தால் பூச்சி அதைத் தின்னவே வரும். செல்லோடேப் ஒட்டவே கூடாது, இரண்டு வருடத்தில் டேப் உதிர்ந்து பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கும். கடையில் கொடுத்து லேமினேஷன் செய்வதும் வேண்டாம், அந்தச் சூட்டையும் பிளாஸ்டிக்கையும் திரும்ப எடுக்க முடியாது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் ஈரத்தால் பூஞ்சணம் வரும், அங்கே காற்றோட்டம்தான் மருந்து. கரூர், தாராபுரப் பக்கம் காய்ச்சலான வெயில்தான் எதிரி, மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையை விட்டுக் கீழ்த்தளத்து உள்ளறைக்கு மாற்றினாலே காகிதத்தின் ஆயுள் கூடும்.

கடைசியாக, யாராவது வந்து உங்கள் தொகுப்பைப் படமெடுத்துத் தருகிறோம் என்றால் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்துப் போடும் முன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். தையலை அறுப்பார்களா, அறுத்தால் திரும்பக் கட்டித் தருவார்களா. பக்கம் பக்கமாகச் சரிபார்ப்பது யார், இல்லாத பக்கத்துக்கு இல்லை என்று குறிப்பு வைப்பார்களா. தாய்ப் பிரதி எந்த ஊரில், யார் பொறுப்பில் இருக்கும், உங்களுக்கு ஒரு முழுப் பிரதி வருமா. எல்லாவற்றுக்கும் மேல், மூலக் காகிதம் எத்தனை நாளில் எண்ணிக்கை குறையாமல் திரும்பி வரும். அவர்கள் வருவதற்கு முன்பே நீங்கள் ஒரு நோட்டில் பட்டியல் போட்டுவிடுங்கள். இதழின் பெயர், எந்தப் பதிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நடுவில் எந்தெந்த நாள் இல்லை. அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைக் கோவையிலோ சென்னையிலோ இருக்கிற ஒரு நூலகத்துக்கும் கொடுத்து வையுங்கள். உங்களால் இனி வைத்துக்கொள்ள முடியாது என்ற நாள் வந்தால் எடைக்கடைக்காரருக்கு முன்னால் அவர்களைக் கூப்பிடலாம், எதை எடுக்க வண்டி அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.